காரணம்: மழை

மார்ச் 17, செவ்வாய்

பல் வலி தேவலை. நாளை நகர மன்றத் தேர்தல். பேனா மூன்று, மைப் பெட்டி, அடிக்கோல், மடக்கு நாற்காலிமேல் போட்டுக்கொள்ள ஒரு தலையணை — எல்லாம் பைக்குள் போயாயிற்று. தலையணையைப் பார்த்துச் சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். அந்தத் தகர நாற்காலியில் ஒன்பது மணி நேரம் உட்கார்ந்து பார்த்தால் தெரியும்.

பதினோரு வருடமாக ஏழாம் வட்டத்துச் சாவடியில் பட்டியலைப் பார்த்துப் பெயருக்கு எதிரே டிக் போடுகிறவன் நான். சாயங்காலம் ஐந்து மணிக்குக் கதவைச் சாத்தியதும் எத்தனை பேர் வந்தார்கள், நூற்றுக்கு எத்தனை என்று கணக்குப் போட்டு, ஒன்பதாம் படிவத்தில் எழுதி மேலே அனுப்புகிறவனும் நானே. இந்த வேலையை என்னைவிடச் சுத்தமாகச் செய்ய இந்த ஊரில் ஆள் கிடையாது. இது தற்பெருமை இல்லை, தகவல்.

இவள், என் மனைவி, வழக்கம்போல ஆறரை மணி பஸ்ஸுக்குப் போய்விட்டாள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் அட்டைப்பெட்டி ஆலை. பஸ் ஆலையுடையது. ஓட்டுகிறவர் இவளுடைய அண்ணன். சாயங்காலம் ஆறேகாலுக்கு எல்லாரையும் திரும்பக் கொண்டுவந்து இறக்கிவிடுவார்.

மார்ச் 18, புதன்

1,140 பேரில் 558. நூற்றுக்கு 48.95. மற்ற வட்டங்களெல்லாம் அறுபதைத் தாண்டிவிட்டன. மூன்றாம் வட்டத்து எழுத்தர் எழுபத்தொன்று என்று வாசலில் நின்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார், ஏதோ அவரே எழுபத்தொரு தடவை வாக்குப் போட்ட மாதிரி.

ஒன்பதாம் படிவத்தின் கடைசிப் பத்திக்குப் பெயர் ‘காரணம்’. வாக்குப்பதிவு ஏன் குறைந்தது அல்லது ஏன் கூடியது என்று எழுத வேண்டும். போன தடவைப் படிவத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்த்து எழுதினேன்: மழை. ஐந்து நாற்பதுக்கு எல்லாம் முடிந்தது. நகரத்திலேயே முதல் படிவம் என்னுடையது.

வீட்டுக்கு வந்து இவளிடம், “நாற்பத்தெட்டு புள்ளி ஒன்பது அஞ்சு” என்றேன். தலையெல்லாம் அட்டைத் தூள். பெருக்கிக்கொண்டிருந்தாள். “ம். காலைத் தூக்குங்க” என்றாள்.

மார்ச் 19, வியாழன்

வட்டமே சிரிக்கிறது. இரண்டு வேட்பாளர்களுக்கும் தலா 271. செல்லாதவை 16. மூன்று முறை எண்ணினார்கள், மூன்று முறையும் அதேதான். சமமாக வந்தால் மறு தேர்தல் என்பது விதி. சாவடிக்கு மறுபடியும் தலையணை தூக்க வேண்டும்.

மார்ச் 27, வெள்ளி

தலைமை எழுத்தர் ஓய்வு பெறுகிறார். அந்த இடத்துக்கு மேலே போயிருக்கும் பெயர்கள் இரண்டு: மூன்றாம் வட்டத்துக்காரர், நான். மேலாளரே சொன்னார். அவருக்கு அலுவலகத்தில் சுருக்கம் என்று பெயர், எதை எடுத்துப் போனாலும் “சுருக்கமா எழுதுங்க” என்பதால். “உங்களுக்குத்தான் வரும், மூத்தவர்” என்றார் சுருக்கமாக.

தலைமை எழுத்தர் நாற்காலிக்குக் கைப்பிடி உண்டு. மெத்தை உண்டு. சுற்றவும் சுற்றும். அவர் இல்லாத நேரத்தில் ஒரு தடவை உட்கார்ந்து பார்த்திருக்கிறேன்.

ஏப்ரல் 6, திங்கள்

கெட்டது குடி. தேர்தல் தலைமை அலுவலகத்திலிருந்து போன்.

இரண்டு பேருக்கும் சமமாக வந்ததால் ஏழாம் வட்டக் கோப்பை அங்கே யாரோ முழுதாகப் படித்திருக்கிறார்கள். பதினோரு வருடத்தில் முதல் முறை. ஒரு பெண் குரல், ரொம்ப மரியாதை.

“சார், வாக்குப்பதிவு அன்னிக்கு உங்க வட்டத்துல மழைன்னு எழுதியிருக்கீங்க.”

“ஆமாங்க.”

“தொண்ணூத்தேழு நாளா ஒரு சொட்டு இல்லைன்னு வானிலை நிலையத்துல சொல்றாங்களே?”

அந்த இடத்தில் ‘தப்பா எழுதிட்டேங்க’ என்று சொல்லியிருந்தால் முடிந்துபோயிருக்கும். என் வாய் என்னைக் கேட்காமலே பேசியது. “அது உள்ளூர் மழைங்க.”

“உள்ளூர் மழையா?”

“திடீர்னு வந்து திடீர்னு நின்னுடுச்சு. பலமா.”

பலமா! அந்தச் சொல்லை யார் கேட்டார்கள்? எதுக்குச் சொன்னேன்? அந்தம்மா “சரிங்க, குறிச்சுக்கறேன்” என்று வைத்துவிட்டார். குறித்துக்கொண்டு என்ன செய்வார்?

ஏப்ரல் 9, வியாழன்

என்ன செய்தார் என்று இன்று தெரிந்தது. வெள்ள நிவாரணப் பிரிவிலிருந்து ஒரு லாரி. இருபத்து நான்கு தார்ப்பாய்கள். ‘ஏழாம் வட்டத்தில் பெய்த பலத்த உள்ளூர் மழையை முன்னிட்டு’ என்று ரசீது. வெயில் மண்டையைப் பிளக்கிறது. டிரைவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டே, “தண்ணி வடிஞ்சிடுச்சுங்களா?” என்று கேட்டார். “வடிஞ்சிடுச்சு” என்று கையெழுத்துப் போட்டேன்.

கோப்புகளைத் தூக்கிக்கொண்டு மேசை மேசையாகப் போகும் அக்கா — வயதில் எனக்கு மூத்தவள், வாயில் எல்லாருக்கும் மூத்தவள் — தார்ப்பாய்களைப் பதிவறையில் அடுக்க உதவினாள். “அடுத்த தடவை வெள்ளம்னு எழுதுங்க தம்பி, படகு குடுப்பாங்க” என்றாள்.

ஏப்ரல் 10, வெள்ளி

தேர்தல் தலைமை அலுவலகத்திலிருந்து மெமோ. ‘வாக்குப்பதிவு நாளன்று மழை பெய்தது என்பதற்கு ஏழு நாட்களுக்குள் ஆதாரத்துடன் விளக்கம் தருக.’ பதவி உயர்வுக் கோப்பும் அதே மேசையில்தான் இருக்கிறதாம். விளக்கம் போய்ச் சேரும் வரை அது நகராது.

மூன்றாம் வட்டத்துக்காரர் ஆறுதல் சொன்னார். “தூறல்னு எழுதிடுங்க. தூறலை யாரும் அளக்க மாட்டாங்க.” முகத்தில் அவ்வளவு சந்தோஷம்.

ஏப்ரல் 11, சனி

பதிவறையில் தார்ப்பாய்களுக்கு நடுவே உட்கார்ந்து பழைய ஒன்பதாம் படிவங்களை எல்லாம் பார்த்தேன். போன தடவை மழை, என் கையெழுத்து. அதற்கு முன் மழை, நானே. அதற்கு முந்தையதும் நானே. எனக்கு முன்னால் இருந்தவர் ‘மழை’ என்று எழுதுவதற்கும் சோம்பல்பட்டு ‘மேற்படி’ என்று எழுதியிருக்கிறார். மேற்படிக்கு மேலே மேற்படி. இருபத்தாறு வருடத்துக்கு முந்தைய படிவத்தில் ஒருவர் நான்கு வரி எழுதியிருக்கிறார் — காலையிலிருந்து கொட்டித் தீர்த்தது, பள்ளிக்கூடத்து ஓடு ஒழுகி இரண்டு மேசைகளை நகர்த்த வேண்டி வந்தது என்று. மை கலைந்திருக்கிறது. அவர் பெயர்மேல் தண்ணீர் பட்ட கறை.

அவர் ஒருத்தர்தான் மழையைப் பார்த்து எழுதினார். நாங்கள் எல்லாம் அவரைப் பார்த்து எழுதினோம்.

தூறல் என்று எழுதிவிடலாமா? நாற்காலிக்குக் கைப்பிடி உண்டு.

ஏப்ரல் 12, ஞாயிறு

மனசு சரியில்லை. எழுதவே கை வரவில்லை.

விளக்கத்தில் மழையை எடுத்துவிட்டால் வேறு ஏதாவது போட வேண்டுமே, அதற்காக டிக் விழாத பெயர்களைத் தெருத் தெருவாக எடுத்துப் பார்க்கலாம் என்று பட்டியலை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். சாப்பாட்டு மேசையில் விரித்தேன். நம் தெரு வந்தது. 411, நான், டிக். 412, இவள்.

வெறுமை.

பேனா மை எடுக்காமல் போயிருக்கும் என்று வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். இல்லை. போன தேர்தல் பட்டியலும் பையில் இருந்தது. அதிலும் இல்லை. டிக் போடுகிறவன் நான். 411க்கு டிக் போட்டவன், அடுத்த வரி காலியாக இருப்பதை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

இவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். “நீ வோட்டுப் போடலையா?” என்றேன்.

“இல்லை.”

“போன தடவை?”

“எப்பவுமே இல்லை. ஆலைக்குச் சேர்ந்ததுலேர்ந்து. நீங்க எட்டு மணிக்குத் திறக்கறீங்க, நான் ஆறரைக்குப் போறேன். நீங்க அஞ்சு மணிக்கு மூடறீங்க, நான் ஆறேகாலுக்கு வர்றேன். நடுவுல பறந்தா வர முடியும்?”

“ஆலையில ரெண்டு மணி நேரம் விடுவாங்கன்னு நோட்டீஸ் போட்டிருக்கே?”

“விடுவாங்க. ரெண்டு மணி நேரம் வெளியில நிக்கலாம். பஸ் எங்க இருக்கு? நாப்பது கிலோமீட்டர் நடக்கவா?”

“ஏன் எங்கிட்ட சொல்லலை?”

சட்டையை மடித்து முடித்துவிட்டுத்தான் பதில் சொன்னாள். “நீங்க என்னிக்காவது போட்டியான்னு கேட்டீங்களா? எத்தனை சதவீதம்னுதான் சொன்னீங்க. சொல்லியிருந்தாலும் என்ன பண்ணியிருப்பீங்க? மழைன்னு எழுதியிருப்பீங்க.”

எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை, அதனால் பட்டியல்மேல் காட்டினேன், ஒரு பக்கம் கிழிந்துவிட்டது. இவளே பசை எடுத்து ஒட்டினாள். ஒட்டிக்கொண்டே, “ரெண்டு பேருக்கும் சமம்னீங்களே, அப்ப நான் போட்டிருந்தா இந்த மெமோவே வந்திருக்காது, இல்ல?” என்றாள்.

வந்திருக்காது. தார்ப்பாயும் வந்திருக்காது.

பிறகு இரண்டு பேருமாக உட்கார்ந்து எண்ணினோம். ஆலை பஸ்ஸில் போகிறவர்கள் யார் யார் என்று இவளுக்கு அத்துப்படி. “இவங்க எங்க லைன். இவங்க பசை செக்‌ஷன். இந்த அம்மாவும் இவங்க ரெண்டு மருமகளும் வர்றவங்க.” ஏழாம் வட்டத்தில் மட்டும் 304 பேர். ஒருத்தருக்கும் டிக் இல்லை.

ஏப்ரல் 13, திங்கள்

விளக்கத்தை எழுதிச் சுருக்கத்திடம் கொடுத்தேன். மழை பெய்யவில்லை. முந்தைய படிவத்தைப் பார்த்து எழுதினேன். தொலைபேசியில் சொன்னதும் பொய். உண்மைக் காரணம்: ஆலைப் பேருந்து காலை 6.30, மாலை 6.15, சாவடி 8 முதல் 5 வரை. 304 பெயர்கள் இணைப்பில். அவற்றில் ஒன்று என் மனைவி.

இரண்டு தடவை படித்தார். “இது போச்சுன்னா நாற்காலி போச்சு. தெரியுதா?”

“தெரியுதுங்க.”

“தூறல்னு ஒரு வார்த்தையில முடிச்சிருக்கலாம். சுருக்கமா.”

கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டார். மதியம் சாப்பிட முடியவில்லை. உண்மையைச் சொன்னால் நெஞ்சு லேசாகும் என்கிறார்களே, எனக்கு நாற்காலிக் கைப்பிடிதான் ஞாபகம் வந்தது.

ஏப்ரல் 28, செவ்வாய்

மறு தேர்தல் மே 14. சாவடியை ஏழு மணி வரை திறந்து வைக்க அனுமதி கேட்டிருந்தேன். ‘முன்னுதாரணம் இல்லை.’ ஆலை மேலாளரிடம் நேரில் போனேன். அதே நோட்டீஸை விரலால் தட்டிக் காட்டி, “ரெண்டு மணி நேரம் குடுக்கறோம் சார், மே மாசம் சரக்கு ஏத்துற மாசம், இதுக்கு மேல என்ன குடுக்கறது?” என்றார்.

மச்சானிடமும் கேட்டுப் பார்த்தேன். பஸ்ஸின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். “மாப்ளே, நடுவுல பஸ்ஸைத் திருப்பினா என்னையும் திருப்பி அனுப்பிடுவாங்க. உங்க வேலைதான் ஆட்டம் காணுது, என்னுதையும் எதுக்கு ஆட்டறீங்க?”

நியாயம்தான்.

மே 13, புதன்

தலையணை, பேனா, பட்டியல். “நாளைக்கு லீவு கேட்டுப் பாரேன்” என்றேன். “கேட்டாச்சு. இல்லைன்னுட்டாங்க” என்றாள். கேட்டிருக்கிறாள்! எனக்குத் தெரியாமல்.

மே 14, வியாழன்

விடியற்காலை ஐந்து மணிக்கு ஓட்டின்மேல் யாரோ கல்லை அள்ளிக் கொட்டுகிற மாதிரி சத்தம். எழுந்து பார்த்தால் மழை. உள்ளூர் மழை இல்லை, ஊருக்கே மழை. இவள் குடையோடு பஸ்ஸுக்குப் போனாள். நான் சாவடிக்குப் போனேன். பள்ளிக்கூட வராந்தாவில் சாரல். சாவடிப் பொறுப்புக்கு வந்திருந்த சுருக்கம் என்னை ஏதோ நான்தான் வரவழைத்த மாதிரி பார்த்தார்.

ஒன்பது மணி வரை பதினொரு பேர். சரி, இந்தத் தடவை மழை என்று தைரியமாக எழுதலாம் என்று எனக்கே சிரிப்பு வந்தது.

ஒன்பதரைக்கு வாசலில் ஹாரன். ஆலை பஸ். தரைப்பாலத்துக்கு மேலே தண்ணீர் ஓடுகிறது. இரண்டு மணி நேரம் காத்திருந்து பார்த்துவிட்டு மச்சான் திருப்பிக்கொண்டு வந்துவிட்டார். பின்னாலேயே இன்னும் நான்கு பஸ். எல்லாரும் சாப்பாட்டுப் பையைத் தலைக்குப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இருந்த ஒரே கூரைக்கு ஓடிவந்தார்கள். அது என் சாவடி.

காவலுக்கு நின்றவர் கண்டிப்பானவர். “வாக்காளர் மட்டும்தான் உள்ள நிக்கலாம், வரிசையில நிக்கலாம்” என்று கத்தினார். மழைக்கு ஒதுங்கியவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். “நிக்கிறதே நிக்கறோம், போட்டுட்டே போவோம்” என்று பசை செக்‌ஷன் அம்மா சொன்னாள். வரிசை பள்ளிக்கூடத்தைச் சுற்றிக்கொண்டு தெருவுக்குப் போய்விட்டது. கோப்பு அக்கா அலுவலகத்துக்கு ஓடி, ஒரு தள்ளுவண்டியில் இருபத்து நான்கு தார்ப்பாய்களையும் கொண்டுவந்தாள். வரிசை முழுக்க அதற்கு அடியில். “நிவாரணம்!” என்று கூவிக்கொண்டே கட்டினாள்.

பதினொன்றே காலுக்கு என் மேசை முன்னால் இவள்.

ஆலை அடையாள அட்டையை நீட்டினாள். அந்த அட்டை செல்லாது. இவளுக்கு முன்னால் அதை நீட்டியவர்களையும் வோட்டர் அட்டை எடுத்துவர வீட்டுக்கு அனுப்பியிருந்தேன். செல்லும் அட்டைகள் எவை என்று மேசையில் ஒட்டி வைத்திருப்பதே நான்தான்.

“வோட்டர் அட்டை?” என்றேன், மெதுவாக.

“வேலைக்குப் போறப்ப யாராவது அதை எடுத்துட்டுப் போவாங்களா? பீரோவுல இருக்கு.”

“அது இல்லாம முடியாதும்மா.”

“என்னை உங்களுக்குத் தெரியாது?”

“எனக்குத் தெரியும். விதிக்குத் தெரியாது.”

சுருக்கம் சுவரைப் பார்த்தார். இரண்டு வேட்பாளர்களின் ஆட்களும் கழுத்தை நீட்டிக்கொண்டு பார்த்தார்கள். பதினெட்டு வருடம் ஒரே வீடு. அவ்வளவு மழையில் பெண்டாட்டியை வீட்டுக்குத் திருப்பி அனுப்பினேன். போகும்போது பார்த்தாளே ஒரு பார்வை — இனி வர மாட்டாள் என்று நினைத்தேன். 413க்குப் போட வேண்டிய டிக் கோணலாகப் போயிற்று.

பன்னிரண்டு ஆனது. ஒன்று ஆனது. வரவில்லை. மச்சான் வந்து போட்டார், தலையைக்கூட ஆட்டவில்லை. இரண்டு ஆனது. வீட்டுக்கு ஐந்து நிமிட நடை. கோபத்தில் படுத்துவிட்டாள், அவ்வளவுதான். நான் என்ன மனுஷன்?

இரண்டு இருபதுக்கு வந்தாள். வரிசையில் மறுபடி கடைசியிலிருந்து நின்றிருக்கிறாள், குறுக்கே புகாமல். புடவை மாற்றியிருந்தாள், அதுவும் நனைந்துவிட்டது. அட்டையை மேசைமேல் வைத்தாள், பக்கத்தில் என் சாப்பாட்டையும் வைத்தாள்.

“பேர் சொல்லுங்க” என்றேன். சொன்னாள். “தெரு?” சொன்னாள். “வீட்டு எண்?” “உங்க வீடுதான் சார்” என்றாள். தார்ப்பாய்க்கு அடியில் அத்தனை பேரும் சிரித்தார்கள்.

412. டிக். அடிக்கோலை வைத்துப் போட்டது மாதிரி நேராக விழுந்தது.

மே 15, வெள்ளி

1,140 பேரில் 871. 76.40. நகரத்திலேயே இதுவரை வராத எண். வித்தியாசம் 39 வாக்கு, ஒரு ஆள் ஜெயித்துவிட்டார், யாரென்று நான் கேட்டுக்கொள்ளக்கூட இல்லை.

காரணப் பத்திக்கு வந்தேன். “விழிப்புணர்வுன்னு போடுங்க. கூடினா எல்லாரும் அதைத்தான் போடுவாங்க” என்றார் சுருக்கம். மூன்றாம் வட்டத்துக்காரர் அதைத்தான் மூன்று தேர்தலாகப் போடுகிறார்.

நான் எழுதினேன்: மழை.

சுருக்கம் கண்ணாடியைக் கழற்றினார். “நீங்க திருந்தவே மாட்டீங்களா?”

“இந்தத் தடவை பெஞ்சுதுங்க” என்றேன். பாலம், பஸ், 304 பேர் எல்லாவற்றையும் இரண்டு பக்கம் எழுதி இணைத்தேன். சுருக்கவில்லை.

மே 29, வெள்ளி

மேலிடத்துப் பதில்: ‘மழை என்பது வாக்குப்பதிவு குறைந்ததற்கான காரணமாக மட்டுமே ஏற்கப்படும். கூடியதற்கான காரணமாக ஏற்க வழிவகை இல்லை. இணைப்பு ஆய்வில் உள்ளது.’

ஜூன் 8, திங்கள்

நாற்காலி மூன்றாம் வட்டத்துக்காரருக்கு. நாள் முழுக்கச் சுற்றிக்கொண்டே இருந்தார். வலிக்கத்தான் செய்தது, பல்லும் மனசும். கோப்பு அக்கா என் தலையணைக்குப் புது உறை தைத்துக் கொண்டுவந்து போட்டாள். பழைய தார்ப்பாய்த் துணி. உட்கார்ந்தால் சத்தம் போடுகிறது.

செப்டம்பர் 22, செவ்வாய்

சுற்றறிக்கை. வாக்குப்பதிவு நாட்களில் ஆலைகளின் பணியாளர் பேருந்துகள் அனைத்தும் பிற்பகல் மூன்று மணிக்குள் ஊர் திரும்ப வேண்டும், மீறினால் நடவடிக்கை. மூன்று தடவை படித்தேன். கடைசி வரி: ‘காரணம்: ஏழாம் வட்டத்தில் பெய்த மழை.’

வீட்டுக்குக் கொண்டுவந்து இவளிடம் காட்டினேன். படித்துவிட்டு, “அப்ப வெயிலடிச்சா பஸ் வருமா, வராதா?” என்று கேட்டாள்.

நல்ல கேள்வி. நாளைக்கு எழுத்துமூலம் கேட்டுவிட வேண்டும்.

நவம்பர் 18, புதன்

அடுத்த தேர்தல், பெரிய தேர்தல். நல்ல வெயில். பஸ் இரண்டு ஐம்பதுக்கு வந்தது. 412, மூன்று நாற்பதுக்கு, அட்டையோடு. 1,140 பேரில் 842. காரணப் பத்தியில் ஒரே சொல்: பேருந்து. சுருக்கத்துக்கே பிடித்துவிட்டது.

வீட்டில் சதவீதத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. “யாருக்குப் போட்டே?” என்று மட்டும் கேட்டேன். “அதெல்லாம் சொல்லக் கூடாதுன்னு உங்க மேசையிலதான் ஒட்டியிருக்கு” என்றாள். சாப்பிட்டோம். தட்டை எடுக்கும்போது அவளாகவே கேட்டாள், பதினெட்டு வருடத்தில் முதல் தடவையாக: “எத்தனை சதவீதம்?”

“எழுபத்து மூணு புள்ளி எட்டு ஆறு.”

“அதுல என்னுது எவ்வளவு?”

எழுந்து பேனா எடுத்துக் கணக்குப் போட்டேன். 0.09. அதுவும் மேல்நோக்கி முழுமையாக்கியது. சொன்னேன்.

“ஒழுங்கா எழுதி அனுப்பினீங்களா?” என்றாள்.

“அனுப்பிட்டேன்” என்றேன்.